துருக்கியின் கெகோவா கரையில் நங்கூரம் பாய்ச்சித் தங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாய்மர யாட்டில் துருக்கியின் தென்கரையைச் சுற்றக் கிளம்புகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்ததும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. மரீனாவில், அதாவது கட்டணப் படகுத்துறையில், கட்டுவதற்குப் பணம் கொடுத்தால் போதும், அதில் கேட்க அதிகம் இல்லை. ஒரு சின்ன ஊருக்கு எதிரே நங்கூரத்தை நம்பி இரவு தூங்குவது வேறு விஷயம். அப்படித் தங்குவதற்கு அந்தக் கரையில் நான் முதலில் சொல்லும் இடம் கெகோவா. ஆகவே பதில்கள் எல்லாம் அந்த இடத்தை வைத்தே.

கெகோவா என்பது ஊரா, தீவா?

தீவு. துருக்கியின் அந்தால்யா மாகாணத்தில், தெம்ரே வட்டாரத்தில், கரையை ஒட்டி நீளமாகக் கிடக்கும் ஆளில்லாத தீவு. பரப்பு சுமார் 4.5 சதுர கிலோமீட்டர். தீவுக்கும் நிலத்துக்கும் நடுவே உள்ள நீண்ட நீர்ப்பரப்புதான் நமக்கு முக்கியம். வெளிக்கடலில் அலை எழும்பினாலும் தீவு முன்னால் நின்று வாங்கிக்கொள்கிறது.

நிலப்பக்கம் இரண்டு சின்ன ஊர்கள். ஒன்று ஊச்சாயிஸ், சாலை வந்து முடிகிற ஊர். இன்னொன்று கலெகோய், பழைய பெயர் சிமெனா. அதற்குக் கார் போகும் பாதை கிடையாது. படகில் போகலாம், அல்லது ஊச்சாயிஸிலிருந்து ஆட்டுத்தடம் போன்ற பாதையில் நடக்கலாம். இந்தப் பகுதி முழுவதும் 1990 முதல் சிறப்புப் பாதுகாப்புப் பகுதி. ஓட்டல் மாளிகைகள் முளைக்காமல் போனதற்கு அது பெரிய காரணம்.

மேற்கே காஷ் என்ற சிறு நகரம், அதற்கு நேர் எதிரே கிரேக்கத்தின் கஸ்தெல்லோரிஸோ தீவு. முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தீவு இத்தாலியின் கையில் இருந்தபோது கெகோவா யாருக்கு என்றுகூட வழக்கு இருந்தது. 1932 உடன்படிக்கையில் துருக்கிக்கு என்று முடிவானது. இன்றும் எல்லைக்கோடு மிக அருகில்தான் ஓடுகிறது. காகிதங்கள் பற்றிய கேள்வியில் இது திரும்ப வரும்.

இரவு தங்க ஊச்சாயிஸா, கலெகோயா?

ஊச்சாயிஸ். யோசிக்கவே வேண்டாம்.

கலெகோய் பார்க்க அழகு: மலைச்சரிவில் வீடுகள், மேலே கோட்டை மதில், கீழே தண்ணீருக்குள் தனியாக நிற்கும் கல் சவப்பெட்டி ஒன்று, இந்தக் கரையில் பழங்காலத்தில் வாழ்ந்த லிசியர்களுடையது. படங்களில் எல்லோரும் பார்த்திருப்பது அதைத்தான். ஆனால் ஊருக்கு முன்னால் அடிமண் நம்பிக்கையானதில்லை, பகல் முழுக்கச் சுற்றுலாப் படகுகள் போய்வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்றும் உங்கள் படகை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போகும். அங்கே உணவகத் துறையில் கட்டலாம், அல்லது ஊச்சாயிஸிலிருந்து டிங்கியில் (யாட்டோடு வரும் சின்னத் துணைப்படகு) போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஊச்சாயிஸ் விரிகுடா ஏரி மாதிரி மூடிக் கிடக்கிறது. ஆழம் குறைவு, அடியில் சேறு. நங்கூரத்துக்கு அதைவிட நல்லது கிடைக்காது. ஒரே எச்சரிக்கை: நுழையும் வழியில் சின்னத் தீவுகளும் தண்ணீருக்குள் மறைந்த பாறைத் திட்டுகளும் உண்டு. திரையில் தெரியும் மின்னணு வரைபடத்தை மட்டும் நம்பி ஓட்ட வேண்டாம். படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், ஒருவரை நிற்க வைத்து, வேகத்தைக் குறைத்து, சூரியன் உயரமாக இருக்கும்போது உள்ளே வாருங்கள். இருட்டில் முதல்முறை நுழைவது வேண்டவே வேண்டாம்.

மூழ்கிய நகரத்தின் மேலேயே நங்கூரம் போட்டுவிட்டு நீந்தலாம் என்கிறார்களே?

யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கெகோவா தீவின் வடகரையில், நிலநடுக்கத்தில் பாதி கடலுக்குள் போன பழைய குடியிருப்பு இருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் நிலநடுக்கத்தைத்தான் பெரும்பாலும் காரணமாகச் சொல்வார்கள். பாறையில் வெட்டிய படிக்கட்டுகள் நேரே தண்ணீருக்குள் இறங்கிப் போவதைப் படகிலிருந்தே பார்க்கலாம். அந்தக் கரையோரத்தில் நங்கூரம் போடவும் முக்குளிக்கவும் நீந்தவும் தடை. படகை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம், நிறுத்தக் கூடாது. கடலோரக் காவல்படை ரோந்து வருகிறது.

தடை இல்லாவிட்டாலும் இதைச் சொல்வேன். பதினைந்து, இருபது கிலோ இரும்பு ஒரு சுவரில் கொக்கி போட்டு இழுத்தால் அந்தச் சுவர் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எத்தனை மணிக்கு வந்து சேர வேண்டும்?

பிற்பகல் இரண்டு மணிக்குள். என்னைக் கேட்டால் நங்கூரம் பற்றிய மற்ற எல்லா அறிவுரைகளையும்விட இது பெரிது. நங்கூரம் நழுவிய கதைகளை விசாரித்துப் பார்த்தால், பாதி மாலை ஆறு மணிக்கு அவசர அவசரமாக வந்து கிடைத்த இடத்தில் போட்டவர்களுடைய கதைகளாக இருக்கும்.

காரணம் காற்று. கோடையில் இந்தக் கரையில் காலை அநேகமாக அமைதி. நண்பகலுக்கு மேல் மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ காற்று எழும். மாலைவரை நன்றாக வீசிவிட்டுச் சூரியன் மறையும்போது ஓயும். இரவில் மலையிலிருந்து மெல்லிய நிலக்காற்று வேறு திசையில் இறங்கும். அதாவது பகலில் மேற்கே முகம் வைத்து நின்ற உங்கள் படகு, நள்ளிரவில் திரும்பி வடக்கே பார்த்துக்கொண்டு நிற்கும். முளைக்குச்சியில் கட்டிய ஆடு சுற்றுகிற வட்டம் முழுவதும் மேய்ச்சலாக இருக்க வேண்டும் அல்லவா, அதேதான்: உங்கள் வட்டம் முழுவதும் போதுமான ஆழம் இருக்க வேண்டும், வேறு படகு இருக்கக் கூடாது.

முன்னதாக வந்தால் அந்த வட்டத்தை நிதானமாகச் சுற்றி வந்து ஆழமானியைப் பார்க்க நேரம் இருக்கும். முதல் முயற்சியில் பிடிக்காவிட்டால் இரண்டாவது, மூன்றாவது முயற்சிக்கும் வெளிச்சம் இருக்கும். மத்தியதரைக் கடலில் ஏற்ற வற்றம் மிகக் குறைவு என்பதால், நம் பக்கத்து முகத்துவாரங்களில் போல வற்றக் கணக்குப் போட்டுத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

சங்கிலி எவ்வளவு விட வேண்டும்?

முழுக்கச் சங்கிலியாக இருந்தால் ஆழத்தைப் போல ஐந்து மடங்கு. சங்கிலி கொஞ்சம், மீதி கயிறு என்றால் ஏழு மடங்கு. இங்கே பலர் தவறவிடுவது: ஆழம் என்றால் ஆழமானி காட்டுவது மட்டுமல்ல, தண்ணீர் மட்டத்திலிருந்து அணியத்தின் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஆழமானி அடிக்கட்டையிலிருந்து அளக்கிறதா, நீர்மட்டத்திலிருந்து அளக்கிறதா என்பதையும் வாடகைப் படகை எடுக்கும்போதே கேட்டுவையுங்கள்.

ஊச்சாயிஸில் 4 மீட்டர் தண்ணீரில் நிற்கிறீர்கள், அணியம் 1.3 மீட்டர் உயரம் என்றால் மொத்தம் 5.3. ஐந்து மடங்கு 26.5 மீட்டர். நான் 30 விடுவேன். பெட்டிக்குள் சும்மா கிடக்கும் சங்கிலியால் யாருக்கும் பயன் இல்லை. ஆனால் நெரிசலான நாளில் 50 மீட்டர் விட்டுவிட்டு மற்றவர்களை முறைப்பதும் சரியில்லை. 12 மீட்டர் படகு 30 மீட்டர் சங்கிலியில் நின்றால் சுமார் 40 மீட்டர் ஆரமுள்ள வட்டம் உங்களுடையதாகிவிடுகிறது. விரிகுடாவில் அது சின்ன இடம் அல்ல.

நங்கூரம் பிடித்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இரவுத் தூக்கம் இதில்தான் இருக்கிறது.

காற்றை எதிர்த்து மெதுவாக வந்து, படகு முழுவதும் நின்ற பிறகு நங்கூரத்தை இறக்குங்கள். வீசி எறிய வேண்டாம். அடியைத் தொட்டதும் காற்றே படகைப் பின்னால் தள்ளும். தள்ளத் தள்ளச் சங்கிலியை விடுங்கள். ஒரே இடத்தில் மொத்தமாகக் கொட்டினால் சங்கிலி நங்கூரத்தின் மேலேயே குவிந்து, கொக்கியில் சிக்கி, பிறகு இழுக்கும்போது நங்கூரம் தலைகீழாக வரும்.

வேண்டிய அளவு விட்டதும் ஒரு நிமிடம் பொறுங்கள். சேறு அடியில் இந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு, நங்கூரம் தன் எடையிலேயே கொஞ்சம் இறங்கும். பிறகு இன்ஜினைப் பின்கியரில் போட்டு மெல்ல இழுங்கள், படிப்படியாக வேகத்தைக் கூட்டுங்கள். நிமிடத்துக்கு 1,500 சுழற்சியில் படகு நகராமல் நின்றால் 2,000 வரை கொண்டுபோய் அரை நிமிடம் வைத்துப் பாருங்கள்.

இப்போது கரையைப் பார்க்க வேண்டும். முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் வரும் இரண்டு பொருள்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊச்சாயிஸில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஊருக்குக் கிழக்கே தெய்மியுஸ்ஸா என்ற பழைய குடியிருப்பின் கல் சவப்பெட்டிகள் கரையோரம் வரிசையாக நிற்கின்றன. படகுக்குப் பக்கவாட்டில், ஒரு சவப்பெட்டியின் மூடிமுனையும் அதற்குப் பின்னால் சரிவில் ஒரு வெள்ளைப் பாறையும் ஒரே கோட்டில் நிற்கின்றன என்று வையுங்கள். இன்ஜின் இழுக்கும்போது பாறை மூடியை விட்டு நகராமல் நின்றால் நங்கூரம் பிடித்துவிட்டது. நகர்ந்துகொண்டே போனால் நீங்களும் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

இன்னொரு வழி, அணியத்தில் சங்கிலி மேல் வெறும் காலை வையுங்கள். பிடித்த நங்கூரத்தின் சங்கிலி விறைத்து அமைதியாக இருக்கும். நழுவுகிற நங்கூரம் அடியில் குதித்துக் குதித்து வரும். அந்த அதிர்வு உள்ளங்காலில் கடகடவென்று தெரியும். ஒருமுறை உணர்ந்தால் மறக்காது.

வெளியே தெளிந்த நீரில் கண்ணாடி மாட்டி நீந்திப் போய் நங்கூரத்தை நேரில் பார்க்கலாம். ஊச்சாயிஸில் தண்ணீர் கலங்கல், ஒன்றும் தெரியாது. கரைக் குறிகளையும் உள்ளங்காலையும் நம்பத்தான் வேண்டும்.

எந்த வகை நங்கூரம் நல்லது?

வாடகைப் படகில் என்ன இருக்கிறதோ அதுதான். ராக்னா போன்ற புதிய வடிவங்கள் பழைய கலப்பை வகையைவிடச் சீக்கிரம் மண்ணைப் பிடிக்கின்றன என்பது உண்மை. ஆனால் நல்ல சேற்றில் எல்லாமே பிடிக்கும், கடற்புல் படுகையில் எல்லாமே திணறும். பொசிடோனியா என்கிற அந்தக் கடற்புல்லின் வேர்ப்பாய் அவ்வளவு கெட்டி. அதைக் கிழிப்பதும் தவறு, மீன் குஞ்சுகள் வளர்கிற இடம் அது. நீருக்குள் கரும்பச்சைத் திட்டாகத் தெரிவது புல், வெளிறித் தெரிவது மணல். வெளிறிய இடத்தைத் தேடுங்கள்.

படகின் பின்பக்கத்தைக் கரையோடு சேர்த்துக் கயிறு கட்டுகிறார்களே, அது எதற்கு?

துருக்கிக் கரையின் பல குடாக்களில் மலை அப்படியே செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. கரையிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளினாலே இருபது மீட்டர் ஆழம். அங்கே வட்டமாகச் சுற்ற இடம் கிடையாது. அதனால் ஆழத்தில் நங்கூரத்தைப் போட்டுப் பின்னோக்கி வந்து, அமரத்திலிருந்து (பின்முனையிலிருந்து) நீளக் கயிறு கொண்டுபோய்க் கரைப் பாறையில் கட்டுவார்கள். ஒருவர் நீந்தியோ டிங்கியிலோ போக வேண்டும். செருப்பு போட்டுக்கொண்டு போங்கள். பாறை கத்தி, அதோடு கடல் முள்ளெலி வேறு. மரத்தில் கட்டாதீர்கள், கயிறு பட்டையை அறுத்து மரம் செத்துவிடும்.

ஊச்சாயிஸில் இது தேவையில்லை. கிழக்கே கோக்காயா என்ற தீவுக்கூட்ட விரிகுடாவில் சில மூலைகளில் தேவைப்படலாம்.

உணவகத்தின் மரத்துறையில் கட்டினால் காசா?

வழக்கம் இதுதான்: அவர்கள் துறையில் கட்டினால் அவர்கள் கடையில் சாப்பிட வேண்டும். கட்டுவதற்குத் தனிக் கட்டணம் பெரும்பாலும் கிடையாது. துறையில் ஒரு பையன் நின்று கையசைத்துக் கூப்பிடுவான், கயிற்றையும் வாங்கிக் கட்டுவான். கட்டுவதற்கு முன் துறை முனையில் ஆழம் எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு மீட்டருக்குக் கீழே போகும் இடங்கள் உண்டு.

மீன் கிலோ கணக்கில் விற்பனை. எடை போட்டு, விலையைச் சொல்லச் சொல்லிவிட்டுப் பிறகு அடுப்புக்கு அனுப்புங்கள். இதில் கூச்சம் வேண்டாம், அங்கே எல்லோரும் கேட்பார்கள்.

நங்கூரத்தில் நிற்பவர்கள் சாப்பிட்டே தீர வேண்டும் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனாலும் ஒரு வேளையாவது கரையில் சாப்பிடுவது முறை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அநேகக் கடைகள் மூடிக்கிடக்கும் ஊர் அது. ஆறு மாதச் சம்பாத்தியத்தில் ஆண்டு முழுக்கக் குடும்பம் நடத்துகிறார்கள்.

இன்னொரு படகு தன் நங்கூரத்தை என் சங்கிலி மேல் போட்டுவிட்டது. என்ன செய்ய?

குலெட் என்கிற பெரிய மரப் படகுகள் மாலையில் வந்து ஐம்பது, அறுபது மீட்டர் சங்கிலி விடும்போது இது சகஜம். அப்போதே கத்திச் சண்டை போட வேண்டாம். அந்தக் கப்டனிடம் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார் என்று கேளுங்கள். அவர் முதலில் கிளம்பினால் பிரச்சினை தானாகத் தீர்ந்தது.

நீங்கள்தான் முதலில் கிளம்புகிறீர்கள், உங்கள் நங்கூரம் அவர் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது என்றால்: தண்ணீருக்கு மேல் தெரியும்வரை இழுங்கள். ஒரு கயிற்றை அவருடைய சங்கிலிக்கு அடியில் விட்டெடுத்து, இரண்டு முனைகளையும் உங்கள் படகின் கட்டையில் இறுக்குங்கள். இப்போது அவர் சங்கிலியின் பாரம் கயிற்றில். உங்கள் நங்கூரத்தைக் கொஞ்சம் கீழே விட்டால் அது கொக்கியிலிருந்து கழன்றுவிடும். அப்படியே நங்கூரத்தை மேலே ஏற்றிவிட்டு, கயிற்றின் ஒரு முனையை மட்டும் அவிழ்த்துவிடுங்கள். அவர் சங்கிலி தன்னால் கீழே போய்விடும். இதில் எந்தக் கட்டத்திலும் விரல் சங்கிலிக்குப் பக்கத்தில் போகக் கூடாது. சங்கிலியின் எடை விரலைக் கேட்டுவிட்டு விழுவதில்லை.

இரவு யாராவது விழித்திருக்க வேண்டுமா?

நல்ல வானிலையில், நன்றாகப் பிடித்த நங்கூரத்தில் வேண்டாம். கைப்பேசியிலோ படகுக் கருவியிலோ நங்கூர அலாரத்தை (படகு குறித்த வட்டத்தை விட்டு நகர்ந்தால் ஒலிப்பது) வைத்துவிட்டுத் தூங்கலாம். அலாரத்தின் மையம் நங்கூரம் விழுந்த இடமாக இருக்க வேண்டும், படகு இப்போது நிற்கும் இடமாக அல்ல. இல்லையென்றால் இரவு காற்று திரும்பும்போது காரணமில்லாமல் எழுப்பும்.

சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு கட்டாயம், பெரும்பாலும் அது பாய்மர உச்சியில் இருக்கும். பகலில் முன்பக்கம் கறுப்புப் பந்து. சட்டம் அவ்வளவுதான். ஆனால் விடிவதற்கு முன் வலை எடுக்கப் போகும் உள்ளூர்க்காரர் சின்னப் படகில் உட்கார்ந்துகொண்டு போகிறார். 17 மீட்டர் உயரத்தில் எரியும் விளக்கு அவர் கண்ணுக்கு இன்னொரு நட்சத்திரம். ஆள் உயரத்தில் இன்னொரு சின்ன விளக்கையும் தொங்கவிடுங்கள்.

யாராவது உங்களைப் பார்த்து "கப்தான், தெமிர் தாரியோர்!" என்று கத்தினால் உடனே வெளியே வாருங்கள். உங்கள் நங்கூரம் நழுவுகிறது என்கிறார்கள். அவசர எண் 112, கடலோரக் காவல்படையின் பழைய 158 இப்போது அதோடு சேர்ந்துவிட்டது. படகு வானொலியில் 16-ஆம் அலைவரிசை.

என்னென்ன காகிதங்கள் வேண்டும்?

வெளிநாட்டுக் கொடி பறக்கும் படகு துருக்கிக்குள் நுழைந்ததும் நுழைவுத் துறைமுகம் ஒன்றில் பதிய வேண்டும். காஷ், ஃபினிகே, ஃபெத்தியே, மர்மரிஸ் எல்லாம் அப்படிப்பட்டவை. கெகோவா அப்படிப்பட்ட இடம் அல்ல, நேராக அங்கே வந்து இறங்க முடியாது. முகவர் மூலம் டிரான்சிட் லாக் என்ற பயண ஆவணம் எடுக்க வேண்டும். படகில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். நடுவில் ஒருவர் ஏறினாலோ இறங்கினாலோ மாற்ற வேண்டும். காவல்படை ஏறிச் சோதித்தால் முதலில் கேட்பது இதைத்தான்.

கஸ்தெல்லோரிஸோ கண்ணுக்கு எதிரே தெரிகிறதே, மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வரலாமா என்று கேட்பார்கள். துருக்கியில் வெளியேறும் முத்திரை, கிரேக்கத்தில் நுழையும் முத்திரை இரண்டும் இல்லாமல் முடியாது.

துருக்கியிலேயே வாடகைக்கு எடுக்கும் படகென்றால் நிறுவனமே இதைச் செய்து கொடுத்துவிடும்.

எனக்குப் படகோட்டும் உரிமம் இல்லை. பரவாயில்லையா?

கப்டனோடு சேர்த்து வாடகைக்கு எடுங்கள். தானே ஓட்ட வேண்டுமென்றால் ஐ.சி.சி. (படகோட்டிகளுக்கான சர்வதேசத் தகுதிச் சான்று) போன்ற சான்றிதழ் கேட்பார்கள், வானொலி இயக்கச் சான்றும் கேட்கலாம். இன்னும் சுலபம் வேண்டுமா, குலெட்டில் போங்கள். சமையல்காரரோடு வருகிறது.

படகின் கழிவுநீர்?

கடலில் ஒரு சொட்டும் விடக்கூடாது. கழிவுத்தொட்டி கட்டாயம், அபராதம் கடுமை. பக்கத்து மூலா மாகாணத்தில் மாவி கார்ட் என்று நீல அட்டை முறை உண்டு. தொட்டியை எப்போது, எங்கே காலி செய்தீர்கள் என்பது அதில் பதிவாகும். கோஜெக்கிலோ ஃபெத்தியேயிலோ கிளம்பிக் கெகோவாவுக்கு வருகிறவர்கள் அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

ஊச்சாயிஸ் மூடிய விரிகுடா, தண்ணீர் சீக்கிரம் மாறாது. பாத்திரம் கழுவின சோப்புத் தண்ணீர்கூட அங்கேயேதான் சுற்றும். வரும்போது தொட்டி காலியாக இருக்கும்படி காஷிலோ ஃபினிகேயிலோ மரீனாவில் உறிஞ்சி எடுக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். குடிநீரையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள், சின்ன ஊரின் குழாயை நம்பி வராதீர்கள். குப்பையும் அப்படித்தான்: முடிந்தவரை மரீனாவுக்கு எடுத்துப் போய்ப் போடுங்கள்.

ஊருக்குள் போக எப்படி உடுத்த வேண்டும், எப்படிப் பேச வேண்டும்?

நீச்சலுடையோடு படகில் இருங்கள், தெருவில் வேண்டாம். மேலே ஒரு சட்டை போதும், அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்கவில்லை. வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடக்கும்போது "கொலாய் கெல்சின்" என்று சொன்னால் முகம் மலர்ந்துவிடும். வேலை சுலபமாக நடக்கட்டும் என்று வாழ்த்துவது. ஆண்களை ஆபி, பெண்களை ஆப்லா என்று கூப்பிடலாம், நம் அண்ணன், அக்கா மாதிரிதான்.

டிங்கியை எங்கே கட்டலாம் என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஜெனரேட்டரும் பாட்டும் வேண்டாம், தண்ணீர்மேல் சத்தம் வெகுதூரம் போகும். விடியலுக்கு முன் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு உங்களை எழுப்பும். அது ஊரின் நேரம், நீங்கள்தான் விருந்தாளி.

படகுப் பக்கத்தில் வந்து விற்கிறார்களே, வாங்கலாமா?

வாங்கலாம். நங்கூரம் போட்ட கொஞ்ச நேரத்தில் சின்னப் படகில் ஒரு ஆப்லா வருவார். ஒரு கையால் உங்கள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மடியிலிருக்கும் துணியை விரித்துக் காட்டுவார்: ஓரத்தில் ஊசிப்பின்னல் போட்ட தலைத்துணிகள், பாசிமணி, சில நாள் சுடச்சுட கோஸ்லெமெ. கோஸ்லெமெ என்பது மெல்லிய மாவுக்குள் கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்துக் கல்லில் சுட்டது. அதை விடாதீர்கள். வேண்டாமென்றால் "சாவோலுன்" என்று நன்றி சொல்லித் தலையசைத்தால் போதும், போய்விடுவார்.

சைவத்துக்கு என்ன கிடைக்கும்?

நிறைய. மெஸெ என்று தட்டுத்தட்டாக வரும் தொடுகறிகளில் பாதிக்கு மேல் சைவம்: கத்திரிக்காய், பீன்ஸ், தயிரில் வெள்ளரி, திராட்சை இலையில் சோறு சுருட்டியது. சோறுதான் ஏமாற்றும். பிலாவ் என்ற அந்தச் சோற்றைக் கோழிச்சாற்றில் வேக வைப்பது அங்கே சாதாரணம். "தாவுக் சுயு வார் மே?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இலைச்சுருட்டிலும் கறி உள்ள வகை உண்டு.

தூண்டில் போட்டுப் பிடித்த மீனைச் சமைக்கலாமா?

என்ன மீன் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் கூடாது. வெள்ளிக்கோடு ஓடிய பேத்தை மீன் ஒன்று இப்போது அந்தக் கரை முழுக்க இருக்கிறது. நம் இந்தியப் பெருங்கடல் பக்கத்து இனம்தான். சூயஸ் கால்வாய் வழியாகப் போய்ச் சேர்ந்தது. மத்தியதரைக் கடலில் முதன்முதலில் 2003-இல் துருக்கியின் கோக்கோவா விரிகுடாவில் பதிவானது. பேத்தையின் விஷம் சமைத்தாலும் போகாது, ஆளைக் கொல்லும். அதன் பல் தூண்டில் கம்பியைக் கடித்துத் துண்டாக்கும், வலையைக் கிழிக்கும். மீனவர்களுக்குத் தொல்லை தாங்காமல், பிடித்து வால் கொண்டுவந்தால் காசு என்று அரசே அறிவித்தது. தெரியாத மீன் மாட்டினால் உள்ளூர்க்காரரிடம் காட்டுங்கள்.

கரையில் கிடக்கும் பழைய ஓட்டுத்துண்டை நினைவுக்கு எடுத்துவரலாமா?

கூடாது. 1983-இல் வந்த 2863-ஆம் எண் சட்டப்படி தொல்பொருளை எடுப்பதும் நாட்டைவிட்டுக் கொண்டுபோவதும் குற்றம், சிறைத்தண்டனை வரை போகும். கூழாங்கல் என்று நினைத்து எடுத்தது செதுக்கிய கல்லாக இருந்தால் விமான நிலையத்தில் விளக்கம் சொல்ல முடியாது. தண்ணீருக்கடியில் தெரியும் சாடிகளையும் தொட வேண்டாம்.

எந்த மாதம்?

மே கடைசி, ஜூன், அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை. ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டும். மூடிய விரிகுடாவில் காற்று நின்ற இரவில் உள்ளறையில் படுக்க முடியாது. செப்டம்பரில் கடல் வெதுவெதுப்பாகவே இருக்கும். அக்டோபர் முடிய முடிய மலைமேல் இடியும் திடீர்க் காற்றும் வரத் தொடங்கும், அப்போது வானிலை அறிக்கையைக் காலை மாலை இரண்டு வேளையும் பாருங்கள்.

எத்தனை இரவு ஒதுக்கலாம்?

குறைந்தது இரண்டு. ஒரு நாள் கலெகோய்க்கு. சுற்றுலாப் படகுகள் கிளம்பிப்போன பிறகு, மாலை நாலரைக்கு மேல் டிங்கியில் போங்கள். கோட்டைக்குள் பாறையில் வெட்டிய சின்ன அரங்கம் ஒன்று இருக்கிறது. முந்நூறு பேர் உட்காரலாம், அவ்வளவுதான். இறங்கி வரும் வழியில் வீட்டுத் திண்ணைகளில் ஐஸ்கிரீம் விற்பார்கள்.

இரண்டாம் நாள் காலையில் மேற்கே போலெமோஸ் குடாவுக்கு ஓட்டிப் போய் நங்கூரம் போட்டு, நிலத்தின் ஒடுங்கிய இடுப்பைக் குறுக்கே நடந்து கடந்தால் மறுபக்கம் அபெர்லே. கடற்சங்கிலிருந்து ஊதாச் சாயம் எடுத்த பழைய நகரம் அது. அதன் துறையும் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. பாதையில் நிழல் இல்லை. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், தொப்பி போடுங்கள், பத்து மணிக்கு முன் திரும்பிவிடுங்கள். நண்பகல் காற்று எழும் முன் படகுக்கு வந்துவிட்டால், ஊச்சாயிஸில் நல்ல இடமாகப் பார்த்து மறுபடி நங்கூரம் போட நேரம் சரியாக இருக்கும்.